ஈரறிவைத் தின்னும் ஓரறிவு

ஆடிக் காற்றில் வாழை சாய்வது புதிதல்ல. தண்டு முறிந்து சாயும். அந்த வருடம் தபோவனத்துத் தோட்டத்தில் வாழைகள் முறியவில்லை. நின்ற நிலையிலேயே வேரோடு பெயர்ந்து படுத்தன. காற்றும் அப்படியொன்றும் பலமாக இல்லை.

தரணேந்திரன் ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். கிழங்கைச் சுற்றி இருக்க வேண்டிய வேரில் பாதி இல்லை. இருந்த வேர்களிலும் முடிச்சு முடிச்சாக வீக்கம். நகத்தால் கீறினால் உள்ளே பழுப்பு.

தபோவனம் வந்தவாசிக்குத் தெற்கே ஒரு பாறைக் குன்றின் அடியில் இருக்கிறது. குன்றின் மேல் சிறிய ஜினாலயம், சமணக் கோயில். கீழே யாத்திரிகர்கள் தங்கச் சில அறைகள், ஒரு சமையற்கூடம், அதற்கும் குன்றின் படிக்கட்டுக்கும் நடுவில் வாழைத் தோட்டம். வருகிறவர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு உண்டு. சமணச் சமையலில் மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு எதையும் சேர்ப்பதில்லை. அதனால் காய், பூ, தண்டு, பழம் என்று அந்தச் சமையற்கூடம் வாழையை நம்பியே நடந்துகொண்டிருந்தது.

தரணேந்திரன் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு இங்கே வந்து தோட்டத்தை ஏற்றுக்கொண்டார். முந்தைய ஆண்டு சமதாமதி மாதாஜி என்ற சமணப் பெண் துறவியிடம் விரதம் எடுத்திருந்தார். அறிந்து எந்த உயிரையும் கொல்வதில்லை என்பது அதில் முதலாவது.

மாதாஜிக்கு அவரைவிட இருபது வயதாவது குறைவு. வெள்ளைப் புடவை, மயிற்பீலி, கமண்டலம். இவ்வளவுதான் உடைமை. ஊர் ஊராக வெறுங்காலில் நடந்துகொண்டே இருப்பவர். மழைக்கால நான்கு மாதம் மட்டும் ஓரிடத்தில் தங்குவார். அந்த ஆண்டு தபோவனத்தில் தங்கியிருந்தார்.

வாழை சாய்ந்த செய்தி கேட்டு அறக்கட்டளைச் செயலாளர் அப்பாண்டைராஜ் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வந்தவாசியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். தரணேந்திரனின் மனைவிக்கு அண்ணன்.

"என்ன மாப்ளே, குடிகாரன் மாதிரி ஆளுக்கொரு பக்கம் படுத்துக் கிடக்குது?"

"வேர்ல புழு, மச்சான்."

"புழுவையே காணோமே."

"கண்ணுக்குத் தெரியாதாம். நூற்புழுன்னு பேரு. வேளாண் கல்லூரியில மண்ணைக் குடுத்துப் பார்த்தேன்."

"அதுக்குக் குருணை மருந்து இருக்கு. வேர்ல போட்டு மண்ணைத் தள்ளினா ஒரு வாரத்துல ஒரு புழு இருக்காது."

"மண்புழுவும் இருக்காது."

"அதைத்தான் சொல்றேன். ஒண்ணும் இருக்காது."

"நான் போட மாட்டேன் மச்சான். விரதம்."

"விரதம் உன்னுது. தோட்டம் டிரஸ்டுது. நான் ஆள் வெச்சுப் போட்டுக்கறேன்."

"ஆள் வெச்சாலும் நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டுத்தானே இருக்கணும்?"

அப்பாண்டைராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "ஓணானுக்கு பிரேக் போட்டு, பஸ்ல நின்ன அம்மாவோட முன்பல்லை உடைச்ச ஆளாச்சே நீ. உன்கிட்டத் தோட்டத்தைக் குடுத்தது என் புத்தி."

அது உண்மை. அந்த ஓணான் பிழைத்துக்கொண்டது.

செயலாளர் குரலைத் தணித்தார். "இத பாரு. கமிட்டியில பாதிப் பேரு இந்த இடத்துல கார் நிறுத்த சிமெண்டுத் தரை போடணும்னு குதிக்கறாங்க. நான்தான் தடுத்துக்கிட்டு இருக்கேன். தீபாவளி வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள வாழை நின்னா சரி. இல்லேன்னா மருந்து. மருந்தும் வேண்டாம்னா சிமெண்டு."

சிமெண்டு போட்டால் வாழை மட்டுமல்ல, சமையற்கூடமும் நிற்காது என்பது இருவருக்கும் தெரியும். வாழை இல்லாத நாளில் அந்தச் சமையற்கூடத்தில் வெறும் பருப்புச் சோறுதான். அதற்காக யாரும் தங்கமாட்டார்கள்.

*

அந்தத் தோட்டத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது.

மாதாஜி விடியலில் தங்குமிடத்திலிருந்து கோயிலுக்குப் போகும்போது வாழைகளுக்கு நடுவே நடந்துதான் படிக்கட்டை அடைவார். காலடியில் எறும்போ பூச்சியோ நசுங்கிவிடக் கூடாது என்று நாலு முழம் முன்னால் பார்த்தபடி நடப்பார். சருகு கிடந்தால் அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. அதனால் தரணேந்திரன் அவருக்கு முன்னால் எழுந்து, மென்மையான பூந்துடைப்பத்தால் தோட்டம் முழுவதையும் பெருக்கிவிடுவார். பாதையோடு நிறுத்துவதில்லை. காற்றில் சருகு பாதைக்கு வந்துவிடும் அல்லவா.

பெருக்கியதைக் கூடையில் அள்ளி, இலை இலையாக உதறி, அதில் ஒட்டியிருக்கும் உயிரை மண்ணிலேயே விட்டுவிட்டு, சருகை மட்டும் வேலிக்கு வெளியே பழைய கல்குழியில் கொட்டுவார். மாதாஜி வந்து தங்குவதற்கு முன்பும் அவர் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். எந்தத் துறவி எப்போது வருவார் என்று சொல்ல முடியாது.

வருகிற யாத்திரிகர்கள் அந்தத் தரையைப் பார்த்து வியப்பார்கள். இலை போட்டுச் சாப்பிடலாம் போலிருக்கிறதே என்பார்கள்.

*

வேளாண் கல்லூரியிலிருந்து டாக்டர் ஷாஹிதா வந்தார். நூற்புழு அவருடைய படிப்பு. ஒரு நுண்ணோக்கியும் சின்னச் சின்னக் கண்ணாடித் தட்டுகளும் கொண்டுவந்து சமையற்கூடத்து மேடையில் வைத்தார்.

"விஷம் வேண்டாம்னு சொன்னீங்களாமே அண்ணே. அதுக்குத்தான் இதைக் கொண்டாந்தேன். பாருங்க."

தரணேந்திரன் கண்ணை வைத்தார்.

முதலில் வெளிச்சம். பிறகு கண்ணாடி நூல் போல வெளிறிய இழைகள். ஓர் இழையின் பக்கவாட்டில், சிறு காம்பு ஒன்றில், ஒரு வளையம். அதற்கு அப்பால் ஒரு புழு நெளிந்துகொண்டிருந்தது. நிறமே இல்லாத புழு. தண்ணீரில் விட்ட தலைமுடி போல வளைந்து வளைந்து வந்தது. வளையத்துக்குள் தலையை விட்டது. கழுத்தும் உள்ளே போயிற்று.

வளையம் உள்பக்கமாக உப்பியது. அவர் அது மூடுவதைப் பார்க்கவில்லை. மூடிவிட்டதைத்தான் பார்த்தார்.

புழு துள்ளியது. துள்ளி இன்னொரு வளையத்தில் வாலைக் கொடுத்தது.

"ஐயையோ."

"இது பூஞ்சை. இனிமே அந்த இழை புழு உடம்புக்குள்ள போகும். நாளைக்குப் பார்த்தா தோல் மட்டும் இருக்கும்," என்றார் ஷாஹிதா.

"பூஞ்சைன்னா காளான் மாதிரியா?"

"சொந்தக்காரங்கதான்."

தரணேந்திரன் நிமிர்ந்தார். "அது எப்படி? காளானுக்கு ஓரறிவு. தொடு உணர்வு மட்டும்தான். புழுவுக்கு ஈரறிவு. நாக்கும் உண்டு. ஓரறிவு எப்படி ஈரறிவைத் தின்னும்?"

"அதுக்கு உங்க சிலபஸ் தெரியாதுண்ணே."

சற்றுத் தள்ளி வேம்பின் நிழலில் அமர்ந்திருந்த மாதாஜி சிரித்தார். ஷாஹிதா அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் பார்க்கறீங்களாம்மா?"

"வேண்டாம். பார்த்தா ஒரு பக்கம் சேர்ந்துடுவேன்."

"எந்தப் பக்கம்?"

"புழுவோட துடிப்பைப் பார்த்தா புழு பக்கம். பூஞ்சையோட பசியைப் பார்த்தா அதோட பக்கம்." பிறகு கேட்டார். "அந்த வளையம் எப்பவும் அதுகிட்ட இருக்குமா?"

ஷாஹிதா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தன் துறையைப் பற்றி இவ்வளவு சரியான கேள்வியை அவருடைய வகுப்பறையில்கூட யாரும் அதிகம் கேட்டதில்லை.

"இருக்காதும்மா. தனியா வளர்த்தா வெறும் நூல்தான். புழு பக்கத்துல வந்து, அது வாசம் பட்டாத்தான் வளையமே போடும்."

"அப்போ கண்ணியைப் புழுவே கொண்டுவருது."

"அப்படியும் சொல்லலாம்."

"புழு வராத நாள்ல?"

"காஞ்ச இலை, மட்டை, சருகு. அதைத் தின்னுக்கிட்டு சாதுவாக் கிடக்கும். ஆனா அதுல தழைச்சத்து கம்மி. சோறு இருக்கு, பருப்பு இல்லைங்கற கதை. பருப்புக்காகத்தான் புழுவைப் பிடிக்குது."

"இந்த மண்ணுல அது இருக்கா?"

"எங்கேயும் கொஞ்சம் இருக்கும். இங்கேயும் தேடினேன். இருக்கு. சாகாம இருக்குன்னு சொல்லலாம், அவ்வளவுதான்." ஷாஹிதா பையிலிருந்து சில பொட்டலங்களை எடுத்தார். "அதனாலதான் இதை வெளியிலேர்ந்து கொண்டாந்தேன். பூஞ்சைப் பொடி. மக்கின எருவோட கலந்து வேர்ல வைக்கணும். வெறும் மண்ணுல வெச்சீங்கன்னா அதுவும் பட்டினி கிடந்து செத்துடும்."

தரணேந்திரன் பொட்டலங்களை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தேள் இருக்கும் டப்பாவை வாங்குவது போல வாங்கினார்.

*

சூரியன் மறைவதற்குள் அவர் மாதாஜியிடம் வந்தார். நெற்றி தரையில் படக் குனிந்து, "வந்தாமி மாதாஜி," என்றார். பொட்டலங்களை எதிரே வைத்தார்.

"இதைப் போடலாமா?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

"விஷத்தைப் போட்டா நானே கொல்றேன். இதைப் போட்டா கூலிப்படை வெச்சுக் கொல்றேன். கோர்ட்டுல ரெண்டுக்கும் ஒரே தண்டனை."

"சரி. திருப்பிக் குடுத்துடுங்க."

அவருக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. உடனே வேறொன்று ஏறியது.

"அப்போ வாழை, மாதாஜி? சாப்பிட வர்றவங்க?"

மாதாஜிக்குத் தியான நேரம் வந்துவிட்டது. கண்களை மூடிக்கொண்டார்.

மறுநாள் விடியலில் தரணேந்திரன் வழக்கம்போலப் பெருக்கி முடித்துவிட்டு ஓரமாக நின்றார். மாதாஜி தங்குமிடத்திலிருந்து வெளியே வந்தார். தோட்டத்துக்குள் வரவில்லை. வேலியைச் சுற்றிக்கொண்டு, குன்றின் பக்கவாட்டில் இறங்கும் மொட்டைப் பாறை வழியாகப் போனார். அது சுற்று வழி. கோயிலிலிருந்து அவர் திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. பாறை சுட்டது. அவர் நடையை வேகப்படுத்தவில்லை. நாலு முழம் முன்னால் பார்த்தபடியே வந்தார்.

அடுத்த நாளும் அப்படித்தான்.

தரணேந்திரன் சாக்குகளைத் தண்ணீரில் நனைத்துப் பாறை மேல் விரித்தார். மாதாஜி சாக்குகளுக்குப் பக்கத்தில் நடந்தார்.

தரணேந்திரன் பொறுக்க முடியாமல் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றார்.

"நான் என்ன தப்பு பண்ணினேன் மாதாஜி?"

"தப்பா? நல்லாத்தானே பெருக்கறீங்க."

"பின்னே ஏன் பாறை மேல போறீங்க?"

"பாறை மேல எறும்பு கம்மி. சருகும் விழாது."

"தோட்டத்துலயும் சருகு இருக்காதே. நான்தான் ஒண்ணு விடாம எடுத்துடறேனே."

"ஆமாம்," என்றார் மாதாஜி. "ஒண்ணு விடாம."

அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார்.

தரணேந்திரன் மேலும் சில நாள் பெருக்கினார். நடக்க ஆளில்லாத தரையை விடியலில் பெருக்குவது அவருக்கே விசித்திரமாக இருந்தது. பஸ் டெப்போவில் ஓடாத வண்டியைத் தினமும் கழுவுகிற ஒருவனைப் பற்றிப் பேசிச் சிரித்தது நினைவுக்கு வந்தது. ஒரு நாள் மாதாஜி வேலியோரம் நின்று கேட்டார்.

"யார் நடக்கறதுக்கு?"

"யாரும் இல்லை. பழக்கம்."

"உங்களுக்கு நடக்கணுமா?"

"எனக்கு வரப்பு போதும். தண்ணியை அங்கேர்ந்தே திருப்பிவிட்டா போதும்."

மாதாஜி தலையசைத்துவிட்டு நகர்ந்தார். அன்று தரணேந்திரன் பாதித் தோட்டத்தோடு நிறுத்திவிட்டார். மறுநாள் பெருக்கவே இல்லை. கோபம் கொஞ்சம் இருந்தது. யாரிடம் என்று தெரியவில்லை.

*

வாழை நிறையக் கொட்டும் பயிர். மட்டை தொங்கிக் காய்ந்தது. விழுந்தது. அதன் மேல் வேம்பின் சருகு. அதன் மேல் இன்னொரு மட்டை. ஆவணி மழை இரண்டு பெய்தது. தரை மறைந்துவிட்டது.

கோயிலுக்கு வந்த யாத்திரிகர்கள் முகம் சுளித்தார்கள். அப்பாண்டைராஜ் வந்து பார்த்தார். இந்தத் தடவை ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் ஒரு மூட்டை இருந்தது.

"ஏன் மாப்ளே, தோட்டத்தையும் துறந்துட்டியா?"

"பெருக்கறதை மட்டும் விட்டுட்டேன்."

"பேய் வீடு மாதிரி இருக்குது. கமிட்டிக்காரன் எவனாவது பார்த்தான்னா நாளைக்கே சிமெண்டு லாரியோட வருவான். இந்தா, மருந்து வாங்கிட்டேன். இங்கேயே இருக்கட்டும். தீபாவளிக்கு மறுநாள் ஆள் வரும்."

மூட்டை சமையற்கூடத்துக்குப் பின்னால் இறங்கியது. தரணேந்திரன் அன்று சாப்பிடவில்லை.

சில நாள் கழித்து அவர் வரப்பில் உட்கார்ந்து, எட்டின தூரத்தில் கிடந்த ஒரு மட்டையை மெல்லத் தூக்கினார். அடியில் வெள்ளையாக, சிலந்தி நூல் போல, இலைக்கும் மண்ணுக்கும் நடுவே ஏதோ படர்ந்திருந்தது. அவர் மட்டையை இருந்த இடத்திலேயே வைத்தார். நேராக மாதாஜியிடம் போனார்.

"வந்துடுச்சு மாதாஜி."

"யாரு?"

"கூலிப்படை."

"கூலி குடுத்தீங்களா?"

"இல்லை."

"கூப்பிட்டீங்களா?"

"இல்லையே."

"பின்னே எப்படி வந்தது?"

"சருகை எடுக்காம விட்டேன். அதான்."

"சருகு யாரோடது?"

தரணேந்திரன் யோசித்தார். "வாழையோடது."

மாதாஜி கமண்டலத்தை நகர்த்தி வைத்தார். அவர் எழுந்திருக்கப் போகிறார் என்று பட்டது. தரணேந்திரன் அவசரமாகச் சொன்னார்.

"ஆனா எனக்குத் தெரியும் மாதாஜி. சருகு இருந்தா பூஞ்சை வரும். பூஞ்சை வந்தா புழு சாகும். தெரிஞ்சே விட்டிருக்கேன். பெருக்கின வரைக்கும் என் கையில பாவம் இல்லை. நான் ஓர் உயிரையும் கொல்லலை. இலை இலையா உதறித்தானே கொட்டினேன்?"

"கண்ணுக்குத் தெரிஞ்சதை உதறினீங்க."

"தெரியாததை எப்படி உதற முடியும்?"

"முடியாதுதான்," என்றார் மாதாஜி. "அத்தனை வருஷம் அந்தப் பூஞ்சை என்ன சாப்பிட்டுச்சு?"

தரணேந்திரன் வேலிக்கு அப்பால் பார்த்தார். கல்குழி சருகால் நிரம்பி மேடாகி, அதில் ஆள் உயரத்துக்குப் பச்சை மண்டிக் கிடந்தது. அத்தனை வருடம் அதை அவர் குப்பை என்றே நினைத்திருந்தார்.



*

புரட்டாசிக் கடைசியில் ஷாஹிதா மறுபடி வந்தார். பொட்டலங்கள் திரும்பி வந்ததில் அவருக்கு வருத்தம் இருந்தது. தோட்டத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார்.

"என்ன போட்டீங்கண்ணே?"

"ஒண்ணும் போடலை. எடுக்காம விட்டேன்."

"அந்த வெள்ளை நூலெல்லாம் புழு பிடிக்கற ஜாதின்னு நினைச்சுக்காதீங்க. இங்கே ஊரே குடியிருக்கும். அதுல நம்ம ஆளும் இருக்கலாம். பார்த்துட்டுச் சொல்றேன்."

போகும்போது திரும்பி நின்றார். "வாழை நிக்குமா நிக்காதான்னு கேட்காதீங்க. எனக்குத் தெரியாது. வேர் மறுபடி ஓடறதுக்கு நாளாகும். அதுக்குள்ள பலமாக் காத்து அடிக்காம இருந்தா நல்லது."

பலமாகக் காற்று அடித்தது.

ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தைய வாரம், கடலில் உருவான புயல் கரையேறி வந்தவாசி வழியாகப் போனது. காலையில் தொடங்கிய மழை மதியத்தில் பக்கவாட்டில் அடித்தது. சமையற்கூடத்து ஓடு சில பறந்தன. தரணேந்திரன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தைப் பார்த்தபடி நின்றார். மழைத் திரையில் எதுவும் தெரியவில்லை. இலைகள் கிழிபடும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. சமணர்கள் தினமும் சொல்லும், ஐந்து பரமேஷ்டிகளை வணங்கும் மந்திரம்தான். ஆனால் நடுநடுவே, "நில்லு, நில்லு," என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது.

மழை விட்டதும் அப்பாண்டைராஜ் முழங்கால் வரை சேற்றோடு வந்து சேர்ந்தார். மரம் விழுந்து சாலை மறித்திருந்ததால் ஸ்கூட்டரை வழியில் விட்டுவிட்டு நடந்தே வந்திருந்தார். இருவரும் வரப்பில் நின்று பார்த்தார்கள்.

இலைகள் நார் நாராகத் தொங்கின. பழைய தாய் மரங்கள் பல படுத்துவிட்டன. ஆனால் ஆடிக்குப் பிறகு பக்கத்தில் கிளம்பியிருந்த கன்றுகள் நின்றன. இரண்டாம் வரிசையில் குலை தள்ளிய மரங்களில் பாதிக்கு மேல் நின்றன. ஒன்று மட்டும் சாய்ந்த நிலையில், விழலாமா வேண்டாமா என்று முடிவு செய்யாதது போல நின்றது.

செயலாளர் சருகின் மேல் கால் வைக்கப் போனார். தரணேந்திரன் கையைப் பிடித்து நிறுத்தினார். வரப்போரமாக நடந்துபோய், விழுந்து கிடந்த ஒரு மரத்தின் வேரைக் காட்டினார். கறுத்த முடிச்சுகள் அப்படியே இருந்தன. அவற்றுக்கு மேலே, கிழங்கின் கழுத்திலிருந்து, சோற்றின் நிறத்தில் புது வேர்கள் நாலாபக்கமும் கிளம்பியிருந்தன.

அப்பாண்டைராஜ் குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். பாத்திரத்தின் கனம் பார்க்கும் கை அது.

"என் வீட்டு முன்னாடி இருந்த முருங்கையே போயிடுச்சு மாப்ளே," என்றார். "சரி. கமிட்டிக்கு நான் சொல்லிக்கறேன். அடுத்த ஆடி வரைக்கும் பார்ப்போம். அந்த மூட்டையைக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவானான்னு தெரியலை. கேட்டுப் பார்க்கறேன்."

அதற்கு மேல் அவர் வாயிலிருந்து வராது என்று தரணேந்திரனுக்குத் தெரியும்.

*

தீபாவளியன்று மகாவீரர் மோட்சம் அடைந்த நாளுக்கான பூசை நடந்தது. மழைக்காலத் தங்கல் முடிந்தது. சில நாள் கழித்து மாதாஜி கிளம்பினார். ஊர் எல்லை வரை கூட்டம் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். தரணேந்திரன் மட்டும் கூட நடந்தார். இரண்டு பக்கமும் நெல் நட்டிருந்தது. தண்ணீரில் கொக்குகள் நின்றன.

வெகு தூரம் போன பிறகு தரணேந்திரன் கேட்டார்.

"என் விரதம் இருக்கா மாதாஜி, போயிடுச்சா?"

"எதுக்கு இந்தச் சந்தேகம்?"

"தோட்டத்துல தினமும் புழு சாகுது. டாக்டரம்மா போன்ல சொன்னாங்க. மண்ணுல கண்ணியைப் பார்த்தாங்களாம். நம்ம மண்ணோட சொந்தப் பூஞ்சையாம்."

"வேற என்ன சொன்னாங்க?"

"வேர்ல புது முடிச்சு குறைஞ்சிருக்காம். மண்புழு வந்திருக்காம். இன்னும் என்னென்னவோ பேர் சொன்னாங்க. எல்லாம் வந்திருக்காம்."

"அப்புறம்?"

தரணேந்திரன் தயங்கினார். அந்தச் செய்தியை அவர் அப்பாண்டைராஜிடம்கூடச் சொல்லவில்லை.

"நூற்புழு இன்னும் இருக்கு மாதாஜி. முழுசாப் போகலை. எத்தனை வருஷம் ஆனாலும் முழுசாப் போகாதாம். பூஞ்சையும் இருக்குமாம், புழுவும் இருக்குமாம்."

மாதாஜி நின்றார். அவர் நின்றதும் தரணேந்திரனும் நின்றார்.

"விரதம் எடுத்தவர் வருத்தமாச் சொல்றீங்க," என்றார் மாதாஜி. "அதையே சந்தோஷமா ஒரு தடவை சொல்லிப் பாருங்க."